தெருக்கூத்துப் பதிவுக்கு எந்த இயர்போன்? தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. நான் பென்னாகரம் பக்கம். நம்ம ஊர்த் தெருக்கூத்துகளைப் பதிவு பண்ணி, ஒலியைச் சரிபார்க்க வயர் இயர்போன் ஒண்ணு வாங்கணும். மூன்டிராப் சூ 2-ஆ, செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2-ஆன்னு முடிவு பண்ண முடியலை. ரெண்டிலும் சத்தத்தை எழுப்புற பாகம் 10 மி.மீ. டைனமிக் டிரைவர்தான், கேபிளையும் கழற்றலாம்.

விமர்சனங்கள்ல பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) அதிகம், குறைவுன்னு மட்டும்தான் இருக்கு. எனக்கு வேண்டியது வேற. மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம், அதாவது கனமான ஒலி வர்ற பக்கம், அடிக்கிறப்ப 'தொம்' ஊதிப்போய் பாட்டுக்காரர் குரலை மூடக் கூடாது. முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுற கருவி) உச்சத்துக்குப் போறப்ப காதைக் குத்தக் கூடாது. ஜால்ரா அதுல கரையாம தனியாக் கேக்கணும்.

கடையில பெட்டியைப் பிரிச்சுக் கேக்க விட மாட்டாங்க. காரிமங்கலம், கிருஷ்ணகிரி, ஓசூர்னு யார்கிட்ட ரெண்டில் ஒண்ணு இருந்தாலும் நானே நேர்ல வரேன். காதுக்குள்ள போற சிலிக்கான் டிப் என்னோடதையே கொண்டு வருவேன். சுத்தத்துக்காக மட்டுமில்ல, டிப் காதுல சரியா அடையலைன்னா பேஸ் போயிடும், ஒப்பிடவே முடியாது. ரெண்டையும் ஒரே சத்த அளவுல கேக்கணும், சத்தம் கூட இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும்.

நேர்ல முடியாதவங்க, உங்க இயர்போன்ல மிருதங்கமோ நாதஸ்வரமோ எப்படிக் கேக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. மாடல் பேரையும் சேர்த்துப் போடுங்க.