சனிக்கிழமை மாவாட்டுற நேரத்துக்கு போன் போடுங்க

ஜெர்மனிக்கு வந்து மூணு மாசம் ஆன தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, வீடு வேலை எல்லாம் ஓரளவு செட் ஆயிருச்சு அக்கா, ஆனா பத்து வருஷமா தினம் பேசிட்டிருந்த ஆன்லைன் ஃப்ரெண்ட்ஸ் கூட இப்ப பேச்சே வரமாட்டேங்குது, போன் பண்ணா என்ன பேசுறதுன்னே தெரியலன்னு. ஆன்மெல்டுங் (குடிவந்த விலாசத்தைப் பதியுறது), இன்சூரன்ஸ், வாடகை பத்தியெல்லாம் மத்தவங்க நிறைய சொல்லிட்டாங்க. நான் இத பத்தி மட்டும் சொல்றேன், வந்த முதல் குளிர்காலத்துல என்னைத் தூக்கி நிறுத்துனது இதுதான்.

நான் 2015ல வந்தேன், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கோம். எங்க செட்டு நாலு பேரு. ஃபேஸ்புக் மாதிரி முன்னாடி இருந்த ஆர்குட்ல சமையல் பேசப் போயி பழக்கமானவங்க, 2014 செப்டம்பர்ல ஆர்குட்டை மூடுனப்போ அவசர அவசரமா நம்பர் வாங்கி வாட்ஸ்அப்புக்கு மாறுனோம். ஒருத்தி கோவில்பட்டி, ஒரு அக்கா சிங்கப்பூர், ஒரு தம்பி டொரான்டோ. நாலு பேரும் ஒரே இடத்துல உக்காந்து ஒரு வாய் காபி குடிச்சது இன்னைக்கு வரைக்கும் கிடையாது, ஆனா யார் வீட்டு குக்கர் எத்தன விசிலுக்கு அடங்கும்னு நாலு பேருக்கும் தெரியும்.

வந்த புதுசுல நானும் நீங்க பண்றதைத்தான் பண்ணேன். ஃப்ரீயானதும் நிதானமா பேசுறேன்டின்னு மெசேஜ் போட்டுட்டு விட்டுருவேன். ஃப்ரீ ஆகவே ஆகாதும்மா. ஒரு மாசம் கழிச்சு பேசுனா சொல்ல வேண்டியது மலை மாதிரி சேர்ந்துபோயி எதுல ஆரம்பிக்கன்னு தெரியாம, "அப்புறம்? வேற?"ன்னு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும், வச்சதுக்கு அப்புறம் முன்ன விட தனியா இருக்கும். அப்ப சிங்கப்பூர் அக்காதான் சொன்னாங்க, "நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் துணி மடிக்கப் போறேன், நீ உன் வேலையப் பாரு, போன் பாட்டுக்கு ஓடட்டும்". அன்னைக்கு முக்கால் மணி நேரம் லைன்ல இருந்தோம், பேசுனது மொத்தமா பத்து வாக்கியம் இருக்கும். நான் பாத்திரம் விளக்குனேன், அந்தப் பக்கம் அவங்க ஃபேன் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அவ்வளவு நிம்மதியா அந்த மாசத்துல நான் இருந்ததே இல்ல.

அதனால ஒரு நேரம் வச்சுக்கோங்க, பேசுறதுக்குன்னு இல்ல, ஒரு வேலைக்குன்னு வச்சுக்கோங்க. எங்களுக்கு சனிக்கிழமை, ஜெர்மனி நேரம் மத்தியானம் 3 மணி. கோவில்பட்டில கோடைல 6.30, குளிர்ல 7.30, சிங்கப்பூர்ல 9 இல்லனா 10, டொரான்டோ தம்பிக்கு காலைல 9. இதுல ஒண்ணு கவனம், ஐரோப்பால மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாத்துவாங்க, டொரான்டோல மார்ச் ரெண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. நடுவுல வர்ற அந்த வாரங்கள்ல தம்பிக்கு 10 மணி ஆயிரும். முதல் வருஷம் இது தெரியாம அவன் 9 மணிக்கே வந்து காத்துட்டு இருந்தான், நாங்க மறந்துட்டோம்னு நினைச்சு மனசு சுணங்கிட்டான்.

ஏன் சனிக்கிழமைன்னா, இங்க ஞாயித்துக்கிழமை மிக்ஸி கிரைண்டர் ஓட்டக்கூடாது, நைட்டு 10லருந்து காலை 6 வரைக்கும் அப்படித்தான், சில வீடுகள்ல மத்தியானம் 1லருந்து 3 வரைக்கும்கூட சத்தம் கூடாதுன்னு ரூல்ஸ் பேப்பர்ல போட்டிருக்கும், குடிவந்தப்ப குடுத்ததை எடுத்து ஒருதடவை படிச்சிருங்க. கடையும் ஞாயிறு கிடையாது. அதனால சனிக்கிழமை காலைல அரிசி உளுந்து ஊறப்போட்டுட்டு கடைக்குப் போய்ட்டு வந்து 3 மணிக்கு அரைச்சா சரியா இருக்கும்.

மாவு பொங்கலன்னு எல்லாரும் கேப்பீங்க, சொல்றேன். நாலுக்கு ஒண்ணு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், அரைச்சு கையால நல்லா கலக்கணும். பாதிப் பாத்திரம் காலியா இருக்கணும், அடில ஒரு தட்டு. ஓவனுக்குள்ள வச்சு லைட்டை மட்டும் போட்டு விடுங்க, சூடு பண்ற பட்டன் பக்கமே போகாதீங்க. பழைய மாதிரி குண்டு பல்புன்னா அந்த சூடே போதும், எல்இடின்னா சூடு வராது, அப்ப வெந்நீர் பேகை துண்டுல சுத்தி பக்கத்துல வச்சிருங்க. ஹீட்டர் மேல வைக்காதீங்க, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு புளிச்சிரும். ஓவன் கதவுல "உள்ள மாவு இருக்கு"ன்னு ஒரு பேப்பர் ஒட்டுங்க, எங்க வீட்ல தெரியாம ஓவனை ஆன் பண்ணி ஒரு பானை மாவு வெந்தே போச்சு. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு, கோவில்பட்டிக்காரிதான் லைன்லயே இருந்து "சரி விடு, அரிசி மாவு இருக்கா, கொஞ்சம் ரவை இருக்கா"ன்னு கேட்டு ரவா தோசை ஊத்த வச்சா, ஒவ்வொரு தோசைக்கும் "ஓரம் செவந்துருச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே.

மாவு மட்டும் இல்ல. இங்க ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகன்னு ஒரு வழக்கம், வாரம் ஒரு வீட்டுக்காரங்க மாடிப்படி கூட்டித் துடைக்கணும், முறை வந்தா கதவுல ஒரு அட்டை தொங்கும். முதல்ல பாரமா இருந்துச்சு. இப்ப அட்டை தொங்குனாலே கோவில்பட்டிக்காரிக்கு போட்டோ அனுப்பிருவேன், காதுல மாட்டிக்கிட்டு நான் படி கூட்டுவேன், அவ அங்க மொட்டை மாடில காயப்போட்ட துணியை எடுத்துக்கிட்டு இருப்பா. டிசம்பர்ல இங்க நாலரைக்கெல்லாம் இருட்டிரும், அந்த நேரத்துல அவ தெருவுல போற பைக் சத்தமும் கோயில் ஸ்பீக்கரும் காதுல விழுந்தா வீட்டுக்குள்ள யாரோ விளக்கு ஏத்தி வச்ச மாதிரி இருக்கும்.

ஒரு தடவை வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, எனக்கு நல்ல காய்ச்சல், ராத்திரி 11 மணி. கோவில்பட்டில நடுராத்திரி தாண்டியாச்சு, சிங்கப்பூர்லயும் இன்னும் விடியல. டொரான்டோல சாயங்காலம் 5, தம்பி எடுத்தான். முதல் வேலையா அவனே தேடிப் பாத்து நம்பர் சொன்னான், உயிருக்கு அவசரம்னா 112, ராத்திரில டாக்டர் வேணும்னா 116117. ரெண்டையும் இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க. பேசிட்டு மாத்திரை போட்டு படுத்தேன், அவன் வைக்கல. ரசம் வச்சுக்கிட்டு இருந்தான், "பூண்டு தட்டுறேன்க்கா, இப்ப கடுகு போடுறேன்"னு மெதுவா சொல்லிட்டே இருந்தான், கடுகு வெடிக்கிற சத்தம் வரைக்கும் ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் தூங்கிட்டேன். காலைல பாத்தா போன் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு.

ஊருக்குப் போனா அவங்களுக்காக ஒரு நாள் ஒதுக்குங்க, சொந்தக்காரங்க லிஸ்ட்ல கடைசியா வைக்காதீங்க. நான் போனப்ப கோவில்பட்டிக்காரி கடலைமிட்டாய் கட்டிக் குடுத்தா, அதைத் தாராளமா கொண்டு வரலாம். பால்கோவா, நெய் வேண்டாம்னு சொல்லிட்டேன், பால் சாமான், கறி எதுவும் நம்ம ஊர்லருந்து ஐரோப்பாவுக்குள்ள கையில கொண்டு வர அனுமதி இல்ல, ஏர்போர்ட்ல பிடுங்கிருவாங்க. ஆசையா செஞ்சு குடுத்ததை குப்பைல போடுறதைப் பாக்க மனசு தாங்காது.

தங்கச்சி, இந்த சனிக்கிழமை உங்க ஃப்ரெண்ட்ல யாராவது ஒருத்தருக்குப் போட்டு, "அரிசி கழுவப் போறேன், சும்மா லைன்ல இரு"ன்னு மட்டும் சொல்லுங்க. இத்தன மாசம் ஏன் பேசலன்னு விளக்கம் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலைல மூடியைத் திறந்து மாவை ஒரு போட்டோ எடுத்துப் போட்டு விடுங்க, நான் இன்னைக்கும் அப்படித்தான் போடுறேன். கோவில்பட்டிலருந்து உடனே பதில் வந்துரும். டொரான்டோல அப்ப நடுராத்திரி, தம்பி எந்திரிச்சதும் முதல்ல அதைத்தான் பாப்பான், எங்களுக்கு சாயங்காலம் ஆயிருக்கும், இட்லியெல்லாம் எப்பவோ தீந்திருக்கும், அப்ப வரும் அவன் மெசேஜ், "எனக்கு நாலு எடுத்து வச்சீங்களாக்கா"ன்னு.