‘இன்றைக்கு போன் அடிக்கவே இல்லை’ என்று சொல்லக்கூடாதா?

கேள்வி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் வளர்ந்தவள் நான். மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கும் வேலைக்கு வந்து 4 மாதம். அவசர எண் 999-ஐ முதலில் பொது மையம் எடுத்து, போலீஸ், பொம்பா (தீயணைப்புப் படை), மருத்துவமனை என்று பிரித்து அனுப்பும். போன வாரம் இரவு ஷிப்டில், “இன்றைக்கு போன் அடிக்கவே இல்லையே” என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினார். பத்து நிமிடத்தில், செம்பனை லாரியில் மகனின் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டதாக ஒரு தாயின் அழைப்பு. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் சொன்னதால்தானா?

பதில் (ஓய்வுபெற்ற போலீஸ்காரர்):
இல்லை, மகளே. நான் 28 வருடம் ரோந்து போனவன். எங்கள் ஸ்டேஷனிலும் அந்தப் பேச்சு ஆகாது. புது ரோந்துக் கார் வந்தால் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பேன். உடன் வரும் மலாய் நண்பர் துஆ ஓதுவார். முனியாண்டி கோவிலைத் தாண்டும்போது ஒரு ஹார்ன். எல்லாம் மனத்தைரியத்துக்கு. விபத்தைக் கொண்டுவருவது மழையும் இருட்டுச் சாலையும்தான்.

பதில் (அவசரப் பிரிவு தாதி):
பௌர்ணமி என்றால் கூட்டம் வரும் என்பார்கள் எங்கள் பிரிவில். ஒரு வருடம் நோட்டில் குறித்தேன். காலியாகப் போன பௌர்ணமிகளும் இருந்தன. அவை யாருக்கும் நினைவில் இல்லை. அது போகட்டும் தங்கச்சி, எஸ்டேட்டில் எந்த டிவிஷன் (பிரிவு), எந்த லயம் (வீட்டு வரிசை) என்று அந்தத் தாயிடம் கேட்டாயா?

கேட்டவர்:
கேட்டேன் அக்கா. “கோவிலுக்கு எதிரே செம்மண் சாலை” என்றார். ஆம்புலன்ஸ் நேராகப் போய்விட்டது. பையன் கால் முறிவோடு பிழைத்தான். ஆனாலும் என் வாயைப் பொத்திய அந்த அக்கா முன்னால் இனி அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கை அன்று நடுங்கியது.