புதுப்பிப்பு: உலாவிச் சோதனைக்கான ஏற்பாடு இனி தானாகவே நடக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளின் டியூஷன் வகுப்புக்காக நாங்கள் எழுதிவரும் வருகைப்பதிவுச் செயலியில், ஒவ்வொரு புதிய கணினியிலும் பிளேரைட் (செயலியை உலாவியில் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) பயன்படுத்தும் உலாவிகளைக் கையால் நிறுவாமல் சோதனையை ஓட்ட வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன், வழி கிடைத்துவிட்டது. திட்டத்தின் கட்டளைகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ் ஜேசன் (package.json) கோப்பில் 'பிரீடெஸ்ட்' (pretest) என்ற பெயரில் குரோமியம் உலாவியை நிறுவும் கட்டளையைச் சேர்த்தால், சோதனையை ஓட்டும் 'என்பிஎம் டெஸ்ட்' (npm test) கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம் அது முதலில் ஓடுகிறது. உரிய பதிப்பு ஏற்கெனவே இருந்தால் மறுபடி இறக்குவதில்லை. எங்கள் ஊர் இணைய வேகத்துக்கு இது பெரிய நிம்மதி. பிளேரைட்டின் ஒவ்வொரு பதிப்பும் தனக்குரிய உலாவிப் பதிப்பையே தேடும் என்பதால், சரியான பதிப்பு எண்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பையும் நிரல் களஞ்சியமான கிட்டில் (Git) சேர்த்து, அந்தப் பதிப்புகளையே நிறுவும் 'என்பிஎம் சிஐ' (npm ci) கட்டளை மூலமே நிறுவும்படி வலியுறுத்துகிறேன். சோதனைக்கு முன் செயலியின் சர்வரைத் தொடங்குவதை பிளேரைட்டின் 'வெப்சர்வர்' (webServer) அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஐபோன் வைத்திருக்கும் பெற்றோருக்காக ஐபோனின் சஃபாரி உலாவிக்கு அடிப்படையான வெப்கிட்டில் சோதனையை அடுத்துச் சேர்க்கவிருக்கிறோம்.