பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக உள்ளது: அமெரிக்க விண்ணப்பத்தில் பெயரை எப்படி எழுதுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன்; அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்க இருக்கிறேன். என் பெயர் கயல்விழி, அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை எல்லா மதிப்பெண் பட்டியல்களிலும் 'கயல்விழி எம்' என்றே இருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ சர்நேம் கட்டம் காலியாக இருக்க, கிவன் நேம் கட்டத்தில் 'கயல்விழி முருகேசன்' என்று இரண்டும் சேர்ந்து அச்சாகியிருக்கின்றன. பல்கலைக்கழகப் படிவமோ சர்நேமை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. அங்கே எதை எழுதுவது? டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு இந்த வாரமே பணம் கட்ட நினைத்திருந்தேன்.

பதில் 1

பயப்பட வேண்டாம். சர்நேம் இல்லை என்பதற்காக விசாவை மறுப்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்தில் மட்டுமே பெயர் இருந்தால், அமெரிக்க விசா முறையில் அந்தப் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று போடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்படியே போய்ப் படித்திருக்கிறார்கள்.

பதில் 2

விசா கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொல்லை தொடங்குவதே அங்கு போய் இறங்கிய பிறகுதான். விசாவில் உள்ள எஃப்என்யு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் தொற்றிக்கொள்ளும். பல்கலைக்கழகப் பதிவில் ஒரு விதமாகவும் அரசுப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், போகிற இடமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் நேரம் இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுவதே நல்லது என்பேன். பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, விவர மாற்றம் என்பதைத் தேர்ந்து, கிவன் நேமில் கயல்விழி, சர்நேமில் முருகேசன் என்று பிரித்துக் கேளுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் 3,500 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பு மறுபடியும் நடக்கலாம் என்பதால், முகவரிச் சான்று இப்போதைய வீட்டுக்கு உரியதாக இருக்கட்டும்.

அதன் பிறகு அங்கே பேராசிரியர் உங்களை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதைப் பொருட்படுத்தாதீர்கள், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தத்தம் அப்பாக்களாகத்தான் இருந்தோம்.

கேட்டவர்

மிக்க நன்றி. புதிய பாஸ்போர்ட்டில் எண்ணும் மாறிவிடுமே, அதுவரை டோஃபலைத் தள்ளிப்போட வேண்டுமா? மதிப்பெண் பட்டியல்களில் இனிஷியல் மட்டும் இருப்பது இடறாதா?

பதில் 2

தள்ளிப்போடுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்த பெயர், அன்று நீங்கள் காட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விடாமலே திருப்பி அனுப்பிவிடலாம், கட்டிய பணமும் போய்விடும். பாஸ்போர்ட் முதலில், தேர்வு அடுத்து, விண்ணப்பம் அதற்குப் பின் என்ற வரிசையை மாற்றாதீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களில் வேறு பெயர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 'கயல்விழி எம்' என்று எழுதினால் போதும். மன நிறைவுக்கு வேண்டுமானால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பதில் 1

வரிசையைப் பற்றி அவர் சொல்வது சரி. நான் விசாவை மட்டும் நினைத்துச் சொன்னேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: சேர்க்கை உறுதியான பின் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவத்தில் சர்நேம், கிவன் நேம் இரண்டையும் புதிய பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான 350 டாலர் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதித் திருத்தி வாங்கிவிடுங்கள்.