கியூபெக் பதிவேடு: அண்ணன் ஹூடோன், தம்பி போலியூ, வீடு நிறைய ஜோசப்

வேர்தேடி:
18ஆம் நூற்றாண்டு கியூபெக் (கனடா) பங்குப் பதிவேடுகளில், அதாவது கத்தோலிக்கக் கோயில் ஏடுகளில், ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரில் ஒருவர் திருமணப் பதிவில் ஹூடோன், மற்றவர் போலியூ. ஞானஸ்நானப் பதிவில் பையன்கள் எல்லோருமே ஜோசப். ஆறு வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகளுக்கு அச்சு அசலாக ஒரே பெயர் வேறு. இது ஒரு குடும்பமா, இரண்டா?

பழந்தாள்:
பெரும்பாலும் ஒன்றுதான். முழுப் பெயர் "ஹூடோன் டி போலியூ" ஆக இருக்கும். அதில் "டி" என்றால் "என்கிற". 1665இல் பிரான்சிலிருந்து வந்த கரீன்யான்-சாலியேர் படைப்பிரிவுச் சிப்பாய்களுக்குப் படையில் வைத்த பெயர்கள் (லாஃப்ளேர், சான்சூசி மாதிரி) அப்படியே குடும்பத்தில் ஒட்டிக்கொண்டன. நிலத்தின் பெயர், சொந்த ஊரின் பெயர் ஒட்டியதும் உண்டு. பிள்ளைகளில் ஒருவர் முதல் பாதியை வைத்துக்கொள்வார், ஒருவர் இரண்டாவதை, ஒருவர் இரண்டையும். பாதிரியார் மாறினாலே எழுத்தும் மாறும். அதனால் எந்தத் தேடலையும் இரண்டு பெயரிலும் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும்.

எல்லை தாண்டி அமெரிக்கா போனவர்கள் பெயரை மொழிபெயர்த்தும் கொண்டார்கள்: ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார்.

மூன்றாம்ஓலை:
ஜோசப் விஷயம் சுலபம். பையனுக்கு ஜோசப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது பக்திக்காக. அடுத்து வருவது பல சமயம் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயர். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். "ஜோசப் ஃப்ரான்சுவா அன்டுவான்" என்றால் அன்டுவானைத் தேடுங்க.

ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் முதலில் அடக்கப் பதிவைப் பாருங்க. மூத்த பிள்ளை இறந்தபிறகு அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அந்த அடக்கத்தைப் பார்க்காமல் விட்டால், செத்த பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவோம்! இந்தத் துறையில் நடக்கிற தப்புகளில் பாதி இதுதான்னு தோணும்.

பெண்களைப் பொறுத்தவரை கியூபெக் நமக்கு வரம். பங்குப் பதிவேட்டில் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான்.

பழந்தாள்:
ஞானஸ்நானத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். திருமணத்திலிருந்து திருமணத்துக்கு ஏறுங்கள். முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, பொதுவாக இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணம் அடுத்த படி. பிள்ளைகளின் ஞானஸ்நானங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

வேர்தேடி:
அங்கேதான் முட்டுகிறது. பதிவில் பெற்றோர் பெயரே இல்லை, "இன்னாரின் விதவை" என்று மட்டும் இருக்கிறது.

மூன்றாம்ஓலை:
மறுமணம் அது. மறுமணத்தில் பெரும்பாலும் இறந்துபோன துணையின் பெயரைத்தான் எழுதுவாங்க. முதல் திருமணத்துக்குப் போங்க. அதுவும் கிடைக்காவிட்டால் நோட்டரியிடம் எழுதிய திருமண ஒப்பந்தம் இருக்கா பாருங்க. பல குடும்பங்கள் கோயில் திருமணத்துக்குச் சில நாள் முன்பே அதை எழுதிவிடும். உறவினர்கள் சாட்சியாக வரிசையாக இருப்பாங்க. கியூபெக் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் நோட்டரி ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருது.

மூன்று ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்ததைச் சொல்லும் வரியையும் தாண்டிப் போகாதீங்க. பக்கத்திலேயே "மூன்றாம் படி உறவுக்கு விலக்கு" (நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபை தரும் அனுமதி) என்று இருந்தால், இருவருக்கும் கொள்ளுத்தாத்தா அல்லது கொள்ளுப்பாட்டி பொது. நான்காம் படி என்றால் இன்னும் ஒரு தலைமுறை மேலே. உங்க மரத்தில் அந்தப் பொது முன்னோர் வரவில்லையென்றால், எங்கேயோ தவறான கிளை ஏறியிருக்கீங்க.

பழந்தாள்:
தாங்கேயின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதி (1871–1890) வழிகாட்டியாகச் சரி, சாட்சியாகப் போதாது, பிழைகள் உண்டு. 1730 வரை ழெத்தேயின் 1983 அகராதி நம்பகமானது. எதில் கிடைத்தாலும் மூலப் பதிவேட்டின் படத்தைப் பாருங்கள். பதிவேட்டுக்கு இரண்டு படி (பிரதி) எழுதினார்கள், ஒன்று பங்குக்கு, ஒன்று அரசுக்கு. துருவேன் என்ற பதிவேட்டுப் படத் தொகுப்பில் இருப்பது பெரும்பாலும் அரசுப் படி. அதில் மை கரைந்திருந்தால் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் பங்குப் படியைத் திறந்து பாருங்கள்.