பழைய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்கு இந்த விலை தகுமா?

அளவுகோல்:
பிபிசி 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த குட்டி ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ. நல்ல நிலையிலுள்ள பழைய 15 ஓம் (மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான தடை) ரோஜர்ஸ் நிறுவன ஜோடிக்குக் கேட்கும் விலையில், கெஃப் நிறுவனத்தின் இன்றைய சிறிய ஸ்பீக்கரான எல்எஸ்50 மெட்டா ஜோடியைப் புதிதாக வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். அந்தக் கூடுதல் பணம் ஒலிக்காகக் கொடுப்பதல்ல, அபூர்வப் பொருள் என்ற பெயருக்காகக் கொடுப்பது.

மரப்பெட்டி:
ஐயா, மறுக்கிறேன். இடநெருக்கடியான வண்டிக்குள் பேச்சுக் குரலைச் சரிபார்க்கவே பிறந்த கருவி அது. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, உள்ளே அதிர்வை அடக்கும் பட்டைகள், பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கூம்பு எல்லாம் அதற்காகத்தான். குறைந்த ஒலியில் ஒருவர் பேசுவதைக் கேளுங்கள், ஆள் எதிரில் இருப்பார். தவிர, வாங்கிய விலைக்கே மறுபடி விற்கலாம். மெட்டாவோ கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கிவிடும்.

அளவுகோல்:
குரலையே எடுத்துக்கொள்வோம். பழையதில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் மேலே, தாழ்ந்த, நடு ஒலி தரும் வூஃபர் கீழே. எழுந்து நின்றால் தொனி மாறுகிறது. மெட்டாவில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருக்கிறது. 1988 முதல் கெஃப் செதுக்கிவரும் யூனி-க்யூ அமைப்பு அது. உணர்திறனும் (கொடுத்த மின்சாரத்துக்கு எழும் சத்தம்) 85 டெசிபெல். உங்களுடையது 82.5தான். அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும்.

மரப்பெட்டி:
அந்தக் கணக்கு தவறு. இரண்டும் 2.83 வோல்ட்டில் அளந்தவை. 15 ஓம் ஸ்பீக்கர் அந்த வோல்ட்டில் அரை வாட்தான் எடுக்கும், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு வாட். ஆக, வாட்டுக்கு வாட் இரண்டும் ஏறத்தாழச் சமம். மெட்டாவின் மின்மறுப்பு 3.5 ஓம் வரை வேறு இறங்குகிறது. சிறிய வால்வு ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவருக்கு எது இலகு?

அளவுகோல்:
வாட் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெரும்பாலானோர் வைத்திருப்பது டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர், அதற்கு இந்த அனுகூலம் கிடையாது. உள்ளே ஒலியைப் பிரித்தனுப்பும் சுற்றிலுள்ள நாற்பது வருடக் கண்டென்சர்களின் நிலையையும் நீங்கள் பேசவில்லை.

கம்பிச்சுருள்:
வாங்குபவர் கவனிக்க வேண்டியது பழைய பாகங்களின் நிலையைத்தான். ஒவ்வொரு பெட்டியும் ஒன்றுபோல ஒலிக்கப் பிபிசி விதித்த கெடுபிடியான அளவுவரம்பே இந்த ஸ்பீக்கரின் உயிர். ஒரு பெட்டியில் மட்டும் வூஃபரை மாற்றியிருந்தால் ஜோடிப் பொருத்தம் போய்விடும். அசல் டி27 ட்வீட்டர், பி110 வூஃபர் யூனிட்டுகளைக் கெஃப் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அதே வடிவில் ஃபால்கன் நிறுவனம் புதிதாகச் செய்கிறது, அதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அளவுகோல்:
அப்படியானால் அந்தச் செலவையும் விலையில் சேருங்கள், மரப்பெட்டி. பிறகும் நீங்கள் பழையதையே வாங்குவீர்களா?

மரப்பெட்டி:
வாங்குவேன். வரிசை எண் பொருந்தி, இரு பெட்டிகளையும் அளந்த தாளுடன் வந்தால் தயங்காமல் வாங்குவேன். தாள் இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்வேன்.