பாம்புக்கடி மருந்து: ஏழை நாட்டு உயிர் மலிவா, நம் அலட்சியமா?

வெண்ணாற்றங்கரை:
போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர், 2015இல் கலிபோர்னியாவில் பாம்பு கடித்த ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரி பில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் வந்த செய்தியைப் போட்டு, "பணக்கார நாட்டு லட்சணம் இதுதான், இதற்கு நாம் எவ்வளவோ மேல்" என்று எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. உலகத்தில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்கு 58,000 என்று ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. ஆஸ்திரேலியாவில் நம் ஊர்ப் பாம்பைவிட விஷம் கூடிய பாம்புகள் உண்டு, அங்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் செத்தால் அதிகம்.

இங்கே கடி வாங்குவது யார்? களை எடுக்கிற பெண்கள், வரப்பு வெட்டுகிறவர்கள், கூரை வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். இவர்களிடம் காசு இல்லை, அதனால் இவர்களுக்கு மருந்து செய்ய பெரிய கம்பெனி எவனுக்கும் அக்கறை இல்லை. சந்தேகமாக இருந்தால் ஆப்பிரிக்காவைப் பாருங்கள். பத்து வகைப் பாம்பு விஷத்துக்குக் கேட்கிற 'ஃபேவ்-ஆஃப்ரிக்' என்ற நல்ல மருந்தை பிரான்சின் சனோஃபி பாஸ்டர் கம்பெனி செய்துகொண்டிருந்தது. கட்டுப்படியாகவில்லை என்று 2014இல் நிறுத்திவிட்டார்கள். கடைசிக் குப்பிகள் 2016 ஜூனில் காலாவதி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கத்தித்தான் பார்த்தது.

கும்பகோணத்தான்:
அண்ணே, எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரன் மேல் பழி போடுவது நமக்குச் சுலபமாகிவிட்டது. இந்த மருந்துக்குக் காப்புரிமைப் பூட்டு எதுவும் கிடையாது. 1890களில் கால்மெத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வழி, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து எடுப்பது. அதை நாமே செய்கிறோம். மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து இருக்கிறது, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்கின் விஷமும் அங்கிருந்துதான் கம்பெனிகளுக்குப் போகிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். 108 வண்டி 2008லிருந்து ஓடுகிறது. இவ்வளவும் இருந்தும் சாகிறார்கள் என்றால் குற்றம் பாரிசில் இருக்கிறதா, நம் தெருவில் இருக்கிறதா? கடித்ததும் கயிற்றால் இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு, அவர் கைவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசினீர்களே, அந்த பிரெஞ்சு மருந்து நிற்பதற்குப் பல வருஷம் முன்பே அதற்குப் பதிலாக கானாவில் போய் இறங்கியது எது தெரியுமா? இந்தியாவில் செய்த மருந்து. அந்த நாட்டுப் பாம்புக்கு அது சரியாகக் கேட்கவில்லை, நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக இருந்த சாவு பன்னிரண்டாக ஏறியது என்று ஆய்வே வந்தது. ஏழைக்கு மட்டமான சரக்கு விற்றவன் நம்மாள்.

சிங்கப்பூர்வாசி:
நான் வேதாரண்யத்துக்காரன், வேலை இங்கே. கும்பகோணத்தார் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். எய்ட்ஸ் மருந்து நினைவிருக்கிறதா? ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை, ஆப்பிரிக்காவில் கொத்துக்கொத்தாகச் சாவு. விலை குறைந்த மருந்து கிடைக்க தென்னாப்பிரிக்கா சட்டம் கொண்டுவந்தது, 39 மருந்துக் கம்பெனிகள் அதை எதிர்த்து 1998இல் கோர்ட்டுக்குப் போயின. 2001 பிப்ரவரியில் நம் மும்பை மருந்துக் கம்பெனி சிப்லா அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகமே காறித் துப்பிய பிறகு அந்த ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். காசு வருகிற மருந்தென்றால் பூட்டி வைப்பது, வராத மருந்தென்றால் உற்பத்தியை நிறுத்துவது. இரண்டிலும் மாட்டுகிறவன் ஒருவன்தான்.

கும்பகோணத்தான்:
சரி, அந்த 350 டாலர் எங்கிருந்து வந்தது? மும்பையிலிருந்து. நாமே செய்துகொண்டால் நடக்கும் என்றுதானே நானும் சொல்கிறேன்.

செவிலி_திருவாரூர்:
நான் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். மந்திரிக்கப் போவது முன்பு போல் இல்லை தம்பி, எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நேராகத்தான் வருகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், கடிவாயில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார்கள், புதிதாக வந்த டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். அந்த நேரத்தில் ஊசி மட்டும் இருந்து பயனில்லை, வென்டிலேட்டர் வேண்டும். கண்ணாடி விரியன் என்றால் சிறுநீரகம் போகும், டயாலிசிஸ் வேண்டும். புதுக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்த்து விரியன் விஷம் ஏறியதைக் கண்டுபிடிக்கிற சோதனைக்குச் செலவே கிடையாது, அதைக்கூடச் செய்யாத இடம் உண்டு.

ஊசி போட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து பிரஷர் சடாரென்று இறங்கும். அந்தப் பயத்தில், பெட்டியில் மருந்து இருந்தும் ஒரு குப்பிகூட ஏற்றாமல் "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவணையே பத்துக் குப்பி ஏற்ற வேண்டிய கேஸ், தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மணி எத்தனை ஆகியிருக்கும்?

வெண்ணாற்றங்கரை:
அக்கா சொன்ன அந்த ஒவ்வாமைதான் நான் சொல்லவந்ததற்கே சாட்சி. குதிரை ரத்தத்தில் எடுக்கிற மருந்து, அதனால்தான் உடம்பு எகிறுகிறது. 130 வருஷமாக அதே வழி. கடித்த இடத்திலேயே விழுங்குகிற மாதிரி ஒரு மாத்திரை இந்நேரம் கடையில் கிடைக்க வேண்டாமா? நியூயார்க் ஆபீஸில் மேஜைக்கடியில் பாம்பு வருகிறதென்றால் பத்தே வருஷத்தில் வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. புறக்கணித்தது யார் என்று கும்பகோணத்தார் சொல்லட்டும்.

கும்பகோணத்தான்:
சொல்கிறேன். தில்லி. சந்திரனுக்கு ராக்கெட் விடத் தெரிந்த அரசுக்கு இந்த ஆராய்ச்சிக்குக் காசில்லையா? செத்தவர்கள் நம் ஆட்கள், ஆராய்ச்சி மட்டும் நியூயார்க்காரன் செய்ய வேண்டுமாம். இதில் டெல்டாக்காரர்களாகிய நாம் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள்கூட. பெரும்பாலான விஷம் தமிழ்நாட்டுப் பாம்பில் எடுப்பது, அதனால் மருந்து நம் பக்கத்துப் பாம்புக்குக் கேட்கிறது. ராஜஸ்தானிலும் வடகிழக்கிலும் பாம்பு வேறு, விஷமும் மாறுகிறது, அவர்களுக்கும் இதே குப்பிதான். இந்த ஏற்றத்தாழ்வுக்கும் ஐரோப்பாவைக் கூப்பிடுவீர்களா?

சிங்கப்பூர்வாசி:
தில்லி மேல் தப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆப்பிரிக்காவின் நைஜருக்கும் சாடுக்கும் ஏது தில்லி, ஏது வடநெம்மேலி? எல்லா ஏழை நாடும் இந்தியா இல்லை. நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வது, ஏரே இல்லாதவனிடம் ஏன் உழவில்லை என்று கேட்பது மாதிரி. கஜா புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் கூரை போய், கரண்ட் இல்லாமல் ஜனம் இருட்டில் கிடந்ததே, அந்த மாதிரிதான் பல நாட்டில் வருஷம் முழுக்க.

கும்பகோணத்தான்:
ஆப்பிரிக்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். என் சண்டை நம் ஊரைப் பற்றியது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது, இனி ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கேஸையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டரிடம் கேட்கலாம். சனோஃபியிடம் மனு கொடுக்க முடியாது.

வெண்ணாற்றங்கரை:
கணக்கு வரட்டும். வயலிலேயே செத்து ஆஸ்பத்திரிக்கே போகாதவன் அதில் எந்தக் கட்டத்தில் வருவான்? பிழைத்தவனுக்கும் மருந்துதான் இலவசம். டயாலிசிஸுக்கு அலைகிற பஸ் காசும், கூட இருக்கிறவளின் கூலியும் யார் தருவது? எங்கள் தெருவிலேயே அப்படி வட்டிக்கு வாங்கி ஆட்டையும் விற்ற குடும்பம் இருக்கிறது.

செவிலி_திருவாரூர்:
விவாதத்தை நீங்கள் தொடருங்கள். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சம்பா நடவு தொடங்கப் போகிறது. அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு விஷயம் கேட்டு இங்கே போடுங்கள்: காலாவதியாகாத குப்பி எத்தனை, ராத்திரி டாக்டர் உண்டா. ஒவ்வாமை வந்தால் போடுகிற அட்ரினலின் ஊசி இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
இன்று சாயங்காலம் போய்க் கேட்டேன். பன்னிரண்டு குப்பி, அட்ரினலின் உண்டு. ராத்திரி டாக்டர் இல்லை, நர்ஸ் ஒருவர் மட்டும்.

கும்பகோணத்தான்:
இதற்கு சனோஃபி என்ன செய்யும் அண்ணே?

வெண்ணாற்றங்கரை:
ராத்திரி டாக்டர் போட வேண்டியது அரசுதான், மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் டாக்டரே பயப்படாமல் போடக்கூடிய மருந்து வந்திருந்தால் அந்த நர்ஸே போட்டிருப்பார். அதை இன்னும் யாரும் செய்யவில்லை, அந்தக் கேள்வியை நான் விடப் போவதில்லை.